கண்ணீர் இல்லாத நகரம்



ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்டு' என்னும் ஆங்கிலப் புதினத்தை நம் பங்குகளிலுள்ள கல்லூரி மாணவ மாணவியர் சிலர் பாடநூலாகவே படித்திருப்பர். படித்து முடித்தவர்களில் மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "ஃபாதர், அந்த உலகத்துல பசி இல்ல, போர் இல்ல, நோய் இல்ல, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அப்புறம் அதுல என்ன தப்பு?"

இக்கேள்வியை அதட்டி அடக்கிவிட முடியாது. நாமும் நம் வீட்டாருக்காக நாள்தோறும் மன்றாடுவது ஏறக்குறைய இவற்றைத்தானே? பிள்ளைகள் நோயின்றி வளரவேண்டும், வயிற்றுக்குக் குறைவிருக்கக் கூடாது, முதுமையில் துன்பப்படாமல் கண்மூட வேண்டும் என்றுதானே வேண்டுகிறோம்? அவையெல்லாம் கிடைத்துவிட்ட ஓர் உலகத்தைக் காட்டி, "இது உங்களுக்குப் போதுமா?" என்று ஹக்ஸ்லி கேட்கிறார். எனவே அவர் காட்டும் உலகிற்குள் சற்றே நடந்து பார்ப்போம்.

நூல் 1931ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் தென்கடற்கரை ஊரான சனாரியில் எழுதப்பட்டு, 1932இல் இலண்டனில் வெளியானது. கதை நடப்பது ஃபோர்டு ஆண்டு 632இல். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் 'மாடல் டி' மகிழுந்தை வெளியிட்ட 1908ஐத் தொடக்கமாகக் கொண்டு அவ்வுலகம் காலத்தைக் கணிக்கிறது. நம் கணக்கில் அது 2540. கிறிஸ்து பிறப்பை வைத்து எண்ணிய காலம் போய், தொழிற்சாலையில் பொருள்கள் நகர்ந்துகொண்டே உருவாகும் முறையைப் புகழ்பெறச் செய்தவரை வைத்து எண்ணும் காலம் வந்துவிட்டது. அங்கே சிலுவைகளின் மேற்பகுதியை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது ஆங்கில 'டி' எழுத்து. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரையும் நமக்கு இது நெஞ்சில் தைக்கும் காட்சி.

முதல் அதிகாரம் ஒரு தொழிற்சாலையில் தொடங்குகிறது. அங்கே உற்பத்தியாவது மனிதர்கள். தாயின் வயிற்றில் எவரும் பிறப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, புட்டியில் வைத்து, நகரும் பட்டையில் ஏற்றிவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 8 மீட்டர் வீதம் 267 நாள்கள், 2,136 மீட்டர் தூரம் அக்கரு பயணம் செய்கிறது. கடைசி நாளில் புட்டியிலிருந்து குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். அவர்கள் அகராதியில் 'பிறப்பு' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'தாய்' என்பதோ வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஆபாசச் சொல். நல்ல குடும்பத்துப் பெண் கெட்ட வார்த்தை கேட்டால் எப்படி முகம் சிவப்பாளோ, அப்படி 'அம்மா' என்ற சொல்லைக் கேட்டு அவர்கள் முகம் சிவக்கிறார்கள்.

பயணத்தின் வழியிலேயே ஒவ்வொரு கருவின் வாழ்வும் முடிவு செய்யப்படுகிறது. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என ஐந்து வகுப்புகள். ஆளப்போகிறவர்களுக்கு முழு ஊட்டம். சாக்கடைப் பணிக்கும் சுமை தூக்கவும் வேண்டியவர்களுக்கு உயிர்வளியைக் குறைத்து, மூளை வளராமல் செய்துவிடுகிறார்கள். கீழ்வகுப்புகளில் ஒரே கருவைப் பிளந்து 96 பேர் வரை உண்டாக்குகிறார்கள். ஒரே முகம் கொண்ட 96 பேர் ஒரே மாதிரியான 96 இயந்திரங்களின் முன்னே நிற்கிறார்கள்.

அதோடு வேலை முடியவில்லை. எட்டு மாத டெல்டா குழந்தைகளை ஒரு கூடத்தில் தரையில் விடுகிறார்கள். முன்னே வண்ணப் படப் புத்தகங்கள், ரோசாப் பூக்கள். குழந்தைகள் மகிழ்ச்சியோடு தவழ்ந்துபோய்த் தொடுகின்றன. உடனே வெடிச்சத்தம், சங்கொலி, பின்னர் தரையில் மின்னதிர்ச்சி. இப்படி ஏறத்தாழ 200 முறை செய்தால், அக்குழந்தை வாழ்நாள் முழுதும் புத்தகத்தையும் பூவையும் கண்டால் விலகி ஓடும். புத்தகம் ஏன் கூடாது என்பது நமக்கு எளிதில் புரிகிறது. பூ ஏன் கூடாது? பூவைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாமே! இயற்கையை நேசிப்பவன் எதையும் வாங்கமாட்டான், ஆலைகள் ஓடாது. ஹக்ஸ்லியின் கூர்மை இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

இரவில் தூங்கும் பிள்ளைகளின் தலையணைக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் பேசுகிறது. உன் வகுப்பே உனக்கு நல்லது, மேல்வகுப்பினர் பாவம் மிகவும் உழைக்கவேண்டும், கீழ்வகுப்பினர் அறிவற்றவர்கள் என்று 120 முறை, வாரம் மூன்று நாள், முப்பது மாதங்கள் சொல்கிறது. வளர்ந்தபின் அவர்கள் தம் சொந்தக் கருத்து என்று எண்ணிப் பேசுவதெல்லாம் அந்தக் குரல் சொன்னதையே. சாதியின் பெயரால் ஒருவரை ஒருவர் எடைபோட நம்மில் எவருக்கும் பாடநூல் தேவைப்படவில்லை என்பதை இங்கே ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். நமக்கும் அது தூக்கத்தில் வந்ததுதானோ!

இந்த உலகத்தைப் பொய்க் கனவு என்று தள்ளிவிட முடியாது. மனிதரில் 'தகுதியானவர்', 'தகுதியற்றவர்' எனப் பிரித்து, தகுதியற்றோர் பிள்ளை பெறாமல் தடுக்கவேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் படித்தவர் நடுவே செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வர்ஜீனியா மாநிலத்தின் அத்தகைய சட்டத்தைச் செல்லும் என்றது. 1933இல் இட்லரின் செருமனி அதே வழியில் சென்றது, 1934இல் சுவீடனும். ஹக்ஸ்லியே அவ்வாண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இக்கருத்தின்பால் சாய்வு காட்டியிருக்கிறார். கதை எழுதும் கை கட்டுரை எழுதிய கையைவிடத் தெளிவாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தச் சூழலில் எதிர்த்து நின்ற குரல்களில் திருஅவையின் குரல் ஒன்று. ஹக்ஸ்லி இப்புதினத்தை எழுதத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1930 டிசம்பர் 31 அன்று, திருத்தந்தை 11ஆம் பயஸ் அவர்கள் கிறிஸ்தவத் திருமணம் பற்றிய 'காஸ்தி கொன்னூபி' திருமடலை வெளியிட்டார்கள். குற்றமேதும் செய்யாத குடிமக்களின் உடல்மீது அரசுக்கு நேரடி அதிகாரம் கிடையாது என்று அதில் உறுதிபடக் கற்பித்தார்கள். அன்று இது பழமைவாதம் என்று பலருக்குத் தோன்றியது. செருமனியில் பின்னர் நடந்ததை உலகம் அறியும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், நம் நாட்டில் நடந்த கட்டாயக் கருத்தடைகளை நினைவில் வைத்திருப்போரும் நம்மிடையே உள்ளனர்.

அறிவியலின் பக்கமும் காலம் வெகுவாக மாறிவிட்டது. உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதல் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. நகலாக்கம் மூலம் 'டாலி' என்னும் செம்மறியாடு 1996இல் பிறந்தது. 2017இல் பிலடெல்பியாவில், குறைமாத ஆட்டுக்குட்டிகளைத் திரவம் நிரம்பிய பையில் நான்கு வாரங்கள் வரை வளர்த்துக் காட்டினர். 2018இல் சீனாவில் மரபணு திருத்தப்பட்ட குழந்தைகள் பிறந்த செய்தி வந்தது. அதைச் செய்த அறிவியலாளருக்கு அடுத்த ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே நாம் கவனமாகப் பேசவேண்டும். பிள்ளைப்பேறின்றி ஆண்டுக்கணக்கில் கண்ணீர் வடிக்கும் தம்பதியர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஊர்ப்பேச்சின் கொடுமை தாங்காமல் மருத்துவமனைகளின் படியேறியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஹக்ஸ்லியின் தொழிற்சாலையோடு ஒப்பிடுவது அநியாயம். குழந்தை பெற்றோருக்கு அளிக்கப்படும் கொடை; உரிமை கோரிப் பெறும் பொருளன்று. இதுவே 1987இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'தோனும் வீத்தே' ஏட்டின் மையக் கருத்து. அதே ஏடு, எவ்வழியில் கருவாகி உலகிற்கு வந்தாலும், ஒவ்வொரு குழந்தையும் இறைவனின் கொடையாக வரவேற்கப்பட்டு அன்போடு வளர்க்கப்படவேண்டும் என்றும் கற்பிக்கிறது. முதல் பாதியை மட்டும் உரக்கச் சொல்லி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறவர்கள் அந்த ஏட்டைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

மீண்டும் கதைக்கு வருவோம். இவ்வளவு முன்னேற்பாடுகளுக்குப் பிறகும் எவருக்காவது மனம் கலங்கினால் என்ன செய்வது? அதற்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. பெயர் 'சோமா'. வேதகாலச் சடங்குகளில் வரும் சோமபானத்தின் பெயரையே ஹக்ஸ்லி எடுத்துக்கொண்டார். பின்விளைவு இல்லை, தலைவலி இல்லை, அரசே இலவசமாக வழங்குகிறது. சினம் வந்தால் அரை கிராம், பெருந்துயரென்றால் இரண்டு கிராம், உலகமே வேண்டாமென்றால் மூன்று. கணவன் மனைவி என்ற உறவே அங்கு இல்லை. யாரும் யாரோடும் இருக்கலாம், யாரோடும் நிலைத்திருக்கக் கூடாது. ஆகவே பிரிவின் துயரமும் இல்லை. (இந்த இடங்களை ஹக்ஸ்லி ஒளிவுமறைவின்றி எழுதியிருப்பதால், இது சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கும் நூல் அன்று என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவைக்கிறோம்.)

அவர்களுக்கு வழிபாடுகூட உண்டு! பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்கிறார்கள். தலைவர் 'டி' அடையாளம் வரைகிறார். சோமா கலந்த கிண்ணம் கைக்குக் கை மாறுகிறது. பாடல்கள் பாடுகிறார்கள். தம்மைவிடப் பெரிய ஒருவர் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள், காலடியோசை கேட்கிறது என்று ஒவ்வொருவராகத் துள்ளி எழுகிறார்கள். பெர்னார்டு மார்க்ஸ் என்பவனுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவனும் எழுந்து கைகளை ஆட்டி, "கேட்கிறது" என்று கத்துகிறான். முடிந்தபின் அருகிலிருந்த பெண் பரவசத்தோடு பேசுகிறாள், அவனோ வந்தபோது இருந்ததைவிட வெறுமையாக வீடு திரும்புகிறான். நற்கருணைக் கொண்டாட்டத்தைக் கேலி செய்யும் பகுதி என்று இதன்மீது சினங்கொண்டவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்ச்சிப் பெருக்கையே இறை அனுபவமாக எடுத்துக்கொள்ளும் எந்தச் செபக் கூட்டத்திலும், மற்றவர்களுக்காகக் கையுயர்த்தும் ஒரு பெர்னார்டு இருக்கத்தான் செய்வான். அவனை வெளியே தள்ளாமல், "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்ல விடுகிற இடமாக நம் பங்குகள் இருக்கின்றனவா?

அந்த உலகத்திற்கு வெளியே, நியூ மெக்சிகோவில் வேலியடைத்த ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. பூர்வகுடி மக்கள் பழைய முறையில் அங்கே வாழ்கிறார்கள், பிறக்கிறார்கள், மூப்படைகிறார்கள், சாகிறார்கள். (ஹக்ஸ்லி இதை எழுதும்போது நியூ மெக்சிகோவைப் பார்த்ததே இல்லை. புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதியது வாசிப்பவருக்கும் தெரிகிறது; நூலின் வலுக்குறைந்த பகுதி இதுதான்.) இலண்டனிலிருந்து அங்கே சுற்றுலா வந்து தொலைந்துபோன லிண்டா என்ற பெண்ணுக்கு ஒரு மகன் பிறக்கிறான். பெயர் ஜான். தாய் வெள்ளைக்காரி என்பதால் அவனை அந்த மக்கள் சேர்த்துக்கொள்வதில்லை. தாய்க்கோ தாயாக இருப்பதே வெட்கம். அவன் கையில் கிடைப்பது ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுப்பு ஒன்று. அதிலிருந்தே அவன் அன்பையும் சினத்தையும் சாவையும் கற்றுக்கொள்கிறான்.

நூலின் தலைப்பும் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்திலிருந்து வந்தது. தீவிலேயே வளர்ந்த மிராண்டா என்ற பெண், கரையொதுங்கிய மனிதர்களை முதன்முதலாகக் கண்டு வியந்து சொல்லும் சொற்கள் அவை. 'பிரேவ்' என்பதற்கு அக்காலத்தில் 'எழிலான' என்று பொருள். அவள் வியந்து பார்க்கும் கூட்டத்தில் சதிகாரர்களும் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. இலண்டனுக்கு அழைத்துப்போகிறோம் என்றதும் ஜான் அதே சொற்களை மகிழ்ச்சியோடு சொல்கிறான். அங்கே ஓர் ஆலையில் ஒரே முகம் கொண்ட தொழிலாளர் வரிசைகளைக் கண்டபின் மீண்டும் சொல்கிறான். சொல்லிவிட்டு வெளியே ஓடி வாந்தியெடுக்கிறான்.

நாம் நிறுத்தி நிதானமாக வாசிக்கவேண்டிய பகுதி, லிண்டாவின் சாவு. இலண்டனுக்குத் திரும்பிய அவளுக்குச் சோமாவை அளவின்றிக் கொடுக்கிறார்கள். ஓரிரு மாதங்களில் அது அவள் மூச்சை நிறுத்திவிடும் என்று மருத்துவருக்குத் தெரியும். அதனால் என்ன என்று கேட்கிறார். சாகப்போகிறவர்களுக்கென்றே 60 மாடிக் கட்டடத்தில் ஒரு மருத்துவமனை. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் தொலைக்காட்சி, இடைவிடாத இன்னிசை, கால்மணிக்கு ஒருமுறை மாறும் நறுமணம். இருபது கட்டில்கள், ஒரு பார்வையாளர்கூட இல்லை. ஜான் ஓடிவந்து, "என் அம்மா எங்கே?" என்று கேட்டதும் செவிலி வெட்கிப்போகிறாள். அவன் கட்டிலருகே மண்டியிட்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் தாலாட்டியதை நினைக்க முயல்கிறான். அப்போது ஒரே முகம் கொண்ட எட்டு வயதுச் சிறுவர் கூட்டம் ஒன்று கட்டில்களைச் சுற்றி விளையாட வருகிறது. சாவைக் கண்டு அஞ்சாதிருக்க அவர்களுக்குப் பயிற்சி. யாராவது சாகும் நாளில் அவர்களுக்கு இனிப்புக் கிடைக்கும். லிண்டா மயக்கத்தில் மகனை வேறொருவனாக நினைத்தபடி இறந்துபோகிறாள். ஜான் கதறி அழுகிறான். செவிலியின் கவலை ஒன்றே ஒன்றுதான்: இவன் அழுவதைப் பார்த்தால், சாவு ஏதோ பெரிய விசயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களே! அவசரமாக அவர்களுக்குச் சாக்லேட் இனிப்பைக் கொடுக்கிறாள்.

இந்தப் பக்கங்களை எழுதியவர் பதினான்கு வயதில் தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹக்ஸ்லியின் தாயார் ஜூலியா 1908இல் இறந்தார். சில ஆண்டுகளில் கண்நோய் வந்து ஏறத்தாழப் பார்வையிழந்தார். 1914இல் அண்ணன் ட்ரெவ் தற்கொலை செய்துகொண்டார். துன்பம் என்றால் என்னவென்று அறியாதவர், துன்பம் வேண்டும் என்று வாதாடும் கதை அல்ல இது.

நோயில்பூசுதல் அருளடையாளம் வழங்கச் செல்லும் வீடுகளில் அருள்பணியாளர்களாகிய நாம் கண்டுவருவது ஒன்று உண்டு. முன்பு பாட்டி சாகக்கிடந்தால் பேரப்பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். செபமாலை சொல்லப்படும், சிறியவர்கள் பாட்டியின் வாயில் தண்ணீர் விடுவார்கள். இப்போது, "பிள்ளைங்க பயந்துக்கும், பரீட்சை வேற இருக்கு" என்று அவர்களை வேறு வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பாட்டி தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். செய்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர், அன்பினால்தான் செய்கிறார்கள். லிண்டாவின் செவிலியும் கொடியவள் அல்லள், அன்பாகப் பேசுகிறவள்தான்.

அதற்காக, வலியைத் தாங்கிக்கொண்டே சாகவேண்டும் என்று திருஅவை சொல்கிறது என எவரும் எண்ணிவிடக்கூடாது. 1957 பிப்ரவரியில் மயக்க மருத்துவ வல்லுநர்களிடம் பேசிய திருத்தந்தை 12ஆம் பயஸ் அவர்கள், வேறு வழியில்லாதபோது, ஆயுள் சற்றுக் குறைய நேரிட்டாலும், வலிநீக்க மருந்தைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக்கினார்கள். 1995இல் 'வாழ்வின் நற்செய்தி' திருமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்கள் அதையே உறுதிப்படுத்தினார்கள். கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுத்தபோது ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அது ஆண்டவரின் தேர்வு. புற்றுநோயாளியான ஒரு தாயின் மீது அதைச் சட்டமாகச் சுமத்த நமக்கு உரிமை கிடையாது. மார்ஃபின் வலியைக் குறைக்கிறது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகளை அடையாளம் காண உதவுகிறது. சோமா வலியோடு சேர்த்து மகளையும் எடுத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது, ஆனால் அது இருக்கிறது.

தாய் இறந்த அதே மாலை, மருத்துவமனை வாசலில் 162 டெல்டா ஊழியர்கள் மாத்திரைக்காக வரிசையில் நிற்பதை ஜான் காண்கிறான். "உங்களை விடுதலையாக்க வந்திருக்கிறேன்" என்ற எண்ணத்தோடு மாத்திரைகளைச் சன்னல் வழியே கொட்டுகிறான். கலவரம் மூள்கிறது. காவல்துறை வருகிறது, யாரையும் அடிப்பதில்லை. சோமா புகையைத் தெளித்து, பெட்டியிலிருந்து ஓர் அன்பான குரலை ஒலிக்கவிடுகிறார்கள். சற்று நேரத்தில் எல்லாரும் கண்கலங்கி ஒருவரை ஒருவர் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். 1949இல் ஜார்ஜ் ஆர்வெல் தம் '1984' புதினத்தை வெளியிட்டபோது, அவருக்கு எழுதிய கடிதத்தில் ஹக்ஸ்லி இதையே சுட்டினார். முகத்தை மிதிக்கும் காலணியைவிட, அடிமைத்தனத்தை விரும்பச் செய்யும் பயிற்சி ஆட்சியாளர்களுக்கு எளிதாக இருக்கும் என்பது அவர் கணிப்பு. ஆர்வெல் இளமையில் ஈட்டன் பள்ளியில் ஹக்ஸ்லியிடம் பிரெஞ்சு கற்றவர் என்பது கூடுதல் சுவை.

பிறகு வருகிறது உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தஃபா மோண்டுடன் ஜானின் உரையாடல். மோண்டு முட்டாள் அல்லன். நூலிலேயே மிக அறிவாளி அவன்தான். அவனது பெட்டகத்தில் விவிலியம் இருக்கிறது, தாமஸ் கெம்பிஸின் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' இருக்கிறது, 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமனின் எழுத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்திருக்கிறான். கடவுள் இருக்கக்கூடும் என்றே அவன் நினைக்கிறான். இளமையும் இன்பமும் கடைசிவரை நீடித்தால் மனிதனுக்குக் கடவுள் தேவைப்படமாட்டார் என்பதுதான் அவன் வாதம். ஜான், தனக்கு வசதி வேண்டாம், கடவுளும் கவிதையும் ஆபத்தும் விடுதலையும் நன்மையும் பாவமும் வேண்டும் என்கிறான். அப்படியானால் நீ கேட்பது துன்பப்படும் உரிமையை என்று மோண்டு சுட்டி, மூப்பையும் நோயையும் பசியையும் பேனையும் நாளை பற்றிய அச்சத்தையும் பட்டியலிடுகிறான். நெடுநேர மௌனத்துக்குப் பின் ஜான், அத்தனையும் எனக்கு வேண்டும் என்கிறான்.

மறையுரைகளில் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வோர் பலர். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் மோண்டின் வாதத்தில் பாதி உண்மை இருப்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். துன்பம் வந்தால்தான் கோவில் பக்கம் வருகிறவர்கள் நாம்! கடவுளைத் துன்பத்தின் மருந்தாக மட்டும் வைத்திருந்தால், வேறு மருந்து கிடைத்ததும் அவர் தேவையற்றுப் போவது இயல்பே. நியூமனும் கெம்பிஸும் எழுதியது அத்தகைய கடவுளைப் பற்றி அன்று. திருவெளிப்பாட்டு நூலின் இறுதியிலும் கண்ணீர் இல்லாத நகர் ஒன்று வருகிறது. அங்கே கடவுளே அவர்களுடைய கண்ணீரைத் துடைப்பார் என்கிறார் யோவான். துடைக்க ஒரு கை, அழுத ஒரு முகம், இருவரும் அங்கே இருக்கிறார்கள். மோண்டின் நகரில் அழுதவரும் இல்லை, துடைப்பவரும் இல்லை.

ஜானின் முடிவு துயரமானது. இலண்டனைவிட்டு நீங்கி, சர்ரே பகுதியில் கைவிடப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்றில் தனித்து வாழ்கிறான். தாயின் சாவில் தானும் குற்றவாளி என்று எண்ணித் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்கிறான். அதை ஒருவன் மறைந்திருந்து படமெடுக்க, வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் வானூர்திகளில் வந்திறங்குகிறார்கள். அன்றிரவு கூட்டத்தின் வெறியில் அவனும் சேர்ந்துவிடுகிறான். மறுநாள் விழித்து, நடந்ததை உணர்ந்து, தூக்கிட்டுக்கொள்கிறான். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும், அவர்களுக்காகத் திருஅவை மன்றாடுகிறது என்றும் 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அதை மனத்தில் வைத்தே இதைப் பேசுகிறோம்.

ஜானிடம் இருந்த சமயம் இயேசுவும், பூர்வகுடித் தெய்வங்களும், ஷேக்ஸ்பியரும் கலந்த ஒன்று. அதில் நோன்பு உண்டு, சாட்டை உண்டு, இரவெல்லாம் கைவிரித்து நிற்கும் செபமும் உண்டு. "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று சொல்ல ஒருவர் இல்லை. ஒறுத்தல் இருக்கிறது, ஒப்புரவு இல்லை. தவக்காலத்தில் நம்மில் சிலர் உடலை வருத்திக்கொள்வதிலேயே கருத்தாயிருந்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கம் ஆண்டுக்கணக்கில் வராதிருப்பதை இங்கே எண்ணிப்பார்க்கலாம். துன்பம் தன்னிலேயே மீட்பளிப்பதில்லை. 1984இல் மனிதத் துன்பம் பற்றிய திருத்தூது மடலை வெளியிட்ட இரண்டாம் யோவான் பவுல் அவர்கள், கிறிஸ்துவின் பாடுகளோடு இணையும்போதே அது பொருள் பெறுகிறது என்றும், துன்புறுவோரைக் கண்டு நின்று உதவிய நல்ல சமாரியரைப் போல நாம் ஆகவேண்டும் என்றும் ஒரே மடலில் எழுதினார்கள்.

நூல் வெளியாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1946இல், ஹக்ஸ்லி அதற்கு ஒரு முன்னுரை எழுதினார். ஜானுக்கு இரண்டு வழிகளை மட்டுமே வைத்தது நூலின் பெருங்குறை என்று அதில் கருதினார். ஒன்று இலண்டனின் மயக்கம், மற்றது காட்டு வாழ்வின் வெறி. திரும்ப எழுதினால், தப்பி வந்தோர் கூடிவாழும் மூன்றாம் இடம் ஒன்றை வைப்பேன் என்கிறார். அங்கே ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது போல, அறிவியலும் மனிதருக்காகவே இருக்குமாம். அவர் அங்கே கற்பனை செய்த சமயம் நம்முடையது அன்று, கீழைநாட்டு மெய்யியல்களின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் அவர் அந்த முன்னுரையைத் தொடங்கும் விதம் வியப்புக்குரியது. ஓயாமல் தன்னையே நொந்துகொண்டிருப்பது நல்லதல்ல, தவறியவர் மனம்வருந்தி, இயன்ற ஈடு செய்து, இனி நன்றாக நடக்க முயலவேண்டும் என்ற கருத்தோடு தொடங்குகிறார். அவர் அதைச் சொன்னது தம் நூலின் குறைகளைப் பற்றி. கலங்கரை விளக்கத்தில் இருந்த ஜானிடம் அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை.